பிள்ளைகளை அழைக்கும் முன் ஆசிரியர்களோடு உட்காருங்கள்

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதத் துறை உதவிப் பேராசிரியர். சுற்றியுள்ள பள்ளிகளில் அறிவியல், கணிதக் கல்வியை மேம்படுத்த ஒரு திட்டம் தயாரிக்கும்படி நிர்வாகம் எங்கள் துறையையும் இயற்பியல் துறையையும் கேட்டிருக்கிறது. இதுவரை ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி மாணவர்களை அழைத்து ஆய்வகங்களைச் சுற்றிக் காட்டுகிறோம். ஒரு சிறப்புச் சொற்பொழிவும் வினாடி வினாப் போட்டியும் உண்டு. விடுமுறையில் ஆசிரியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி தருகிறோம். அண்மையில் ஒரு தலைமையாசிரியர், "பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் வந்து போகிறார்கள். ஆனால் வகுப்பில் எதுவும் மாறவில்லையே" என்று பட்டென்று சொல்லிவிட்டார். நாங்கள் உண்மையில் என்னதான் செய்ய வேண்டும்? இன்னொன்று, இந்த வேலைக்குப் பதவி உயர்வில் மதிப்பே கிடையாது. இளம் பேராசிரியர்களை இதில் எப்படி இறக்குவது?

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

அந்தத் தலைமையாசிரியரை விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தார் என்ன செய்தாலும் ஒரு நன்றிக் கடிதம் எழுதி அனுப்பிவிடுவதுதான் பள்ளிகளின் வழக்கம். முகத்துக்கு நேரே குறை சொல்கிற ஒருவர் கிடைத்திருக்கிறார் என்றால், திட்டத்தை அவருடைய பள்ளியிலிருந்தே தொடங்கலாம்.

அவர் சொன்னது சரிதான். ஒருநாள் வருகை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தொலைநோக்கியில் சனிக்கோளின் வளையத்தை முதல்முறை பார்த்த பிள்ளை அதை எளிதில் மறக்காது. ஆனால் மறுநாள் அது போய் உட்காருவது பழைய வகுப்பில்தான். அங்கே பின்னத்தையும் மின்சுற்றையும் நடத்தப்போகிறவர் அந்தப் பள்ளி ஆசிரியர். அவரை எட்டாத திட்டம் வகுப்பையும் எட்டாது. வினாடி வினாவைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பத்துப் பேரைக் கண்டுபிடித்துப் பரிசு கொடுப்பதால் பள்ளியில் கணிதம் வளராது. ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால் கணித வட்டம் நடத்துங்கள். 1930களில் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்களும் மாணவர்களும் பள்ளிப் பிள்ளைகளோடு வாராவாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அதன் பலமே அந்த வாராவாரத்தில்தான் இருந்தது.

சரி, ஆசிரியர் பக்கம் வருவோம். அதிலும் நாளைய ஆசிரியர்களிடமிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அவர்களில் பலர் இப்போது உங்கள் இளங்கலை வகுப்பில் இருக்கிறார்கள். 'பள்ளிகளுக்கு உதவி' என்றதும் பல்கலைக்கழகங்கள் வெளியே பார்க்கின்றன. வீட்டுக்குள் நடப்பது கண்ணில் படுவதில்லை.

ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் 1908இலேயே இதைச் சொல்லிவிட்டார். பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர், பள்ளியில் படித்த கணிதத்துக்கும் இங்கே படிப்பதற்கும் தொடர்பே இல்லை என்று நினைத்து முன்னதை மறக்கிறார். பட்டம் வாங்கி ஆசிரியராகப் பள்ளிக்குப் போனதும், பல்கலைக்கழகத்தில் படித்தது இங்கே எதற்கும் உதவாது என்று அதையும் மறந்துவிட்டு, தனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நடத்திய விதத்திலேயே தானும் நடத்துகிறார். இரண்டு இடத்தில் தொடர்பு அறுந்துபோகிறது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் இது அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் துறையிலேயே சோதித்துப் பாருங்கள். நவீன இயற்கணிதத் தாளில் வளையங்களை (முழு எண்களைப் போலக் கூட்டலும் பெருக்கலும் உள்ள கணித அமைப்புகளை)ப் பற்றிய முதல் சில தேற்றங்களுள் ஒன்று, (−a)(−b) = ab. மாணவர்கள் அதை நிறுவுவார்கள், மதிப்பெண்ணும் வாங்குவார்கள். அடுத்த நாள் அதே மாணவர்களிடம், "கழித்தலைக் கழித்தலால் பெருக்கினால் ஏன் கூட்டல் வருகிறது என்று ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். "அது விதி" என்பார்கள். முந்தைய நாள் அவர்களே எழுதியதுதான் அதற்கான பதில் என்பது பெரும்பாலும் யாருக்கும் தோன்றாது. எண்கோட்பாட்டிலும் இதே கதை. மீதிகளை வைத்துக் கணக்கிடும் மட்டு எண்கணிதத்தில் 10ஐ 9ஆல் வகுத்தால் மீதி 1 என்பதைத் தெரிந்தவர்தான், இலக்கங்களைக் கூட்டி 9ஆல் வகுபடுமா என்று பார்க்கும் பள்ளி விதிக்குக் காரணம் தெரியாமல் இருக்கிறார். இந்த இணைப்புகளைச் செய்துகாட்ட ஒரு புதிய துறையும் தேவையில்லை, நிதியும் தேவையில்லை. உங்கள் தாள்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வகுப்புகளை ஒதுக்கி, "இது பள்ளியில் எங்கே வருகிறது, அங்கே பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள்" என்பதைப் பேசினால் போதும். தேர்விலும் ஒரு கேள்வி வையுங்கள், இல்லாவிட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அறிவியல் துறைகளும் தப்பவில்லை. 1987இல் வந்த ஓர் ஆவணப்படத்துக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் பட்டதாரிகளிடம், கோடை ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலோர், பூமி அப்போது சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் என்றார்கள். உண்மையில் பூமி சூரியனிலிருந்து மிகத் தள்ளி இருப்பது ஜூலை தொடக்கத்தில், அதாவது வடகோளத்தின் கோடையில். பருவம் மாறுவதற்குக் காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பது. பள்ளியில் உண்டான தவறான கருத்தைப் பல்கலைக்கழகம் தொடாமலே பட்டம் கொடுத்து அனுப்பியிருக்கிறது.

நடத்தும் முறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1998இல் ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியலாளர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் இயக்கவியல் தேர்வு முடிவுகளைத் தொகுத்தார். பாடத்துக்கு முன்னும் பின்னும், புரிதலைச் சோதிக்கும் அதே தேர்வு. வழக்கமான விரிவுரை வகுப்புகளில், தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் சராசரியாகக் கால்பங்குக்கும் குறைவாகத்தான் மாணவர்கள் புதிதாகப் பிடித்திருந்தார்கள். பேசி, விவாதித்து, ஊகித்துப் பார்க்கிற வகுப்புகளில் அது ஏறக்குறையப் பாதி. ஆசிரியர்கள் தாங்கள் கற்ற விதத்தில்தான் கற்பிக்கிறார்கள். நான்கு ஆண்டு கரும்பலகையைப் பார்த்துக் குறிப்பெழுதியவரிடம், நீ மட்டும் செயல்வழியில் நடத்து என்று சொல்வதில் நியாயம் இல்லை.

டெக்சாஸ் பல்கலைக்கழகம், ஆஸ்டினில் 1997இல் தொடங்கிய யூடீச் திட்டத்தை நிர்வாகத்திடம் உதாரணமாகக் காட்டலாம். அறிவியல், கணித மாணவர்கள் முதல் பருவத்திலேயே ஒரு பள்ளி வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்திப் பார்க்கிறார்கள். பிடித்தால் தொடரலாம், பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம். தொடர்கிறவர்களுக்கு நான்கு ஆண்டுக்குள் பாடப் பட்டமும் ஆசிரியர் தகுதியும் சேர்ந்தே கிடைக்கும். அனுபவமுள்ள பள்ளி ஆசிரியர்களையே பல்கலைக்கழகத்தில் பணியில் அமர்த்தி வழிகாட்ட வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி அம்சம்தான். பள்ளி ஆசிரியர் அங்கே பயிற்சி பெற வருகிறவர் அல்ல, பயிற்சி தருகிறவர். பிறகு அமெரிக்காவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இதை எடுத்துக்கொண்டன.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு வருகிறேன். உங்கள் ஐந்து நாள் பயிற்சியின் நிகழ்ச்சி நிரலை நான் பார்க்கவில்லை. ஆனாலும் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. வரைபடக் கோட்பாடு ஒரு நாள், மறைகுறியியல் ஒரு நாள், துறைத் தலைவரின் ஆராய்ச்சிப் பகுதி ஒரு நாள். பேராசிரியர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் பேசியிருப்பார்கள். ஆசிரியருக்கு அது போய்ச் சேராததற்குக் காரணம் அவருடைய திறமைக்குறைவு இல்லை. அவருடைய வேலை வேறு.

கணிதக் கல்வி ஆய்வாளர் லிபிங் மா 1999இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் 1 3/4 ÷ 1/2 என்ற கணக்கைக் கொடுத்து, விடை காணச் சொல்லி, இதற்குப் பொருத்தமான ஒரு வாழ்க்கைக் கணக்கும் சொல்லுங்கள் என்று கேட்டார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் 9 பேர்தான் சரியான விடையை முழுமையாகக் கண்டார்கள். பொருத்தமான கணக்குச் சொன்னவர் ஒரே ஒருவர். பலர் பாதியால் வகுப்பதையும் இரண்டாக வகுப்பதையும் குழப்பிக்கொண்டார்கள். சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடை கண்டார்கள். பத்தில் ஒன்பது பேர் கணக்கும் சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டியது, பட்டம் வாங்கியவர்கள் அமெரிக்க ஆசிரியர்கள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவர்கள். மேலும் மேலும் உயர்கணிதத் தாள்களைச் சேர்ப்பது இந்தக் குறையைத் தீர்க்காது. தாங்கள் நடத்தும் கணிதத்தையே ஆழமாகத் தோண்டுவதும், சக ஆசிரியர்களோடு சேர்ந்து அதைப் பேசுவதும்தான் அங்கே வித்தியாசம்.

அதனால் ஐந்து நாள் பயிற்சியை நிறுத்திவிட்டு, மாதம் ஒரு கூட்டம் வையுங்கள். நான்கைந்து பள்ளிகள் போதும். கூட்டத்துக்கு ஒரே நிபந்தனை: ஆசிரியர்கள் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைக் கொண்டுவர வேண்டும். அதில் தவறாகப் போட்ட கணக்குகளிலிருந்து பேச்சு தொடங்கட்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 3/4 + 1/2 = 4/6. எந்த ஊர்ப் பள்ளியிலும் கிடைக்கும் தவறு. தொகுதியையும் தொகுதியையும் கூட்டு, பகுதியையும் பகுதியையும் கூட்டு. ஒரு பேராசிரியர் உடனே, "மீச்சிறு பொது மடங்கு எடுக்கச் சொல்லுங்கள்" என்பார். ஆசிரியர்கள் அதை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள், அதைக் கேட்க அவர்கள் வரவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தக் கூட்டல் எங்கே சரியாக இருக்கும்? ஒரு தேர்வில் 4 கேள்வியில் 3 சரி, அடுத்த தேர்வில் 2 கேள்வியில் 1 சரி. இரண்டும் சேர்த்து? 6 கேள்வியில் 4 சரி. பிள்ளை மதிப்பெண்ணை இப்படித்தான் கூட்டிப் பழகியிருக்கிறது, அங்கே அது சரியும்கூட. ஆனால் அங்கே பின்னம் எதன் பங்கு என்பது தேர்வுக்குத் தேர்வு மாறுகிறது. பின்னங்களைக் கூட்டும்போது இரண்டும் ஒரே முழுமையின் பங்குகளாக இருக்க வேண்டும்.

இங்கேதான் உங்களைப் போன்ற ஒருவர் உண்மையிலேயே உதவ முடியும். தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டிக் கிடைக்கும் பின்னம் எப்போதும் அந்த இரண்டு பின்னங்களுக்கும் நடுவில்தான் விழும். பின்னங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் ஃபேரி தொடர்களில் நீங்கள் பார்க்கிற பழைய நண்பர்தான் அது. 4/6 என்பது 2/3. அது 3/4ஐவிடச் சிறியது. இதை ஆசிரியர் வகுப்புக்குக் கொண்டுபோகலாம்: "முக்காலோடு அரையைச் சேர்த்தால் முக்காலைவிடக் குறைந்துவிடுமா?" விதியை நினைவூட்டுவதைவிட இந்த ஒரு கேள்வி பிள்ளையின் மனத்தில் நன்றாகத் தைக்கும். அடுத்த மாதம் அந்த ஆசிரியர் திரும்பி வந்து, வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்வார். அதிலிருந்து அடுத்த கூட்டம் பிறக்கும். ஆசிரியருக்குத் தெரிந்தது பிள்ளை எப்படி யோசிக்கிறது என்பது. உங்களுக்குத் தெரிந்தது அந்த யோசனைக்குப் பின்னால் இருக்கும் கணிதம். இரண்டும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும்.

இயற்பியல் துறைக்கும் இதே வழிதான். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால், முதல் பல்பிலேயே மின்னோட்டம் கொஞ்சம் செலவாகிவிடும், இரண்டாவது பல்புக்கு மிச்சம்தான் போகும் என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். பல்புக்கு முன்னும் பின்னும் அம்மீட்டரை வைத்து, அளவு என்ன காட்டும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, பிறகு சுற்றை இணையுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு. அப்படியானால் செலவாவது எது என்ற கேள்வி தானாக வரும், ஆற்றலைப் பற்றிப் பேச அதுதான் நேரம்.

கூட்டத்தின் பொருளை யார் முடிவு செய்வது என்பதும் முக்கியம். யேல் பல்கலைக்கழகம் தன் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களுக்காக 1978இல் தொடங்கிய அமைப்பில், எந்தப் பொருளில் கருத்தரங்கு வேண்டும் என்று ஆசிரியர்களே கேட்கிறார்கள். பேராசிரியர் அதை நடத்துகிறார், ஆசிரியர்கள் அதிலிருந்து தங்கள் வகுப்புக்கான பாடத்தை எழுதுகிறார்கள். அடுத்தது நேரம். கூட்டம் வேலைநாளில் பணிநேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். இதற்குப் பள்ளி நிர்வாகத்தோடும் கல்வித் துறையோடும் பேச வேண்டியது உங்கள் பதிவாளர். ஆசிரியரை அனுமதி கேட்க விடாதீர்கள்.

நீண்டகாலம் தாக்குப்பிடித்த ஒரு முயற்சியையும் படித்துப் பாருங்கள். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. தில்லிப் பல்கலைக்கழகம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களிலிருந்து விஞ்ஞானிகள் கிராமப் பள்ளி ஆசிரியர்களோடு வேலை செய்தார்கள். பிள்ளைகள் தாங்களே சோதனை செய்தார்கள். தொடர்ந்து ஆசிரியர் கூட்டங்கள் நடந்தன. புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு என்று தேர்வையும் மாற்றினார்கள். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு ஓடியதற்கு ஆசிரியர்கள் காரணம், ஓர் உத்தரவில் நின்றதற்கு அரசியல் காரணம். இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 1960களின் 'புதிய கணிதம்' இருக்கிறது. பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் கணங்களையும் வேறு அடிமான எண்முறைகளையும் தொடக்கப்பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். ஆசிரியர்களுக்குத் தயாரிப்பு போதவில்லை, பெற்றோருக்கு ஒன்றும் விளங்கவில்லை, சில ஆண்டுகளில் கரைந்துபோனது. பாடத்திட்டம் எழுதித் தரச் சொல்லி உங்களை யாராவது அழைத்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாணவர்களையும் பள்ளிக்கு அனுப்பலாம். பிரான்சில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜார்ஜ் ஷர்பாக் 1996இல் முன்னின்று தொடங்கிய தொடக்கப்பள்ளி அறிவியல் இயக்கத்தில், உயர்கல்வி மாணவர்கள் ஆசிரியருக்குத் துணையாக வகுப்புக்குப் போகிறார்கள். வகுப்பு ஆசிரியர் கையில்தான் இருக்கும். மாணவர் சோதனைக்கு உதவுவார், சந்தேகம் வந்தால் பேசுவார். இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் ஆசிரியர் அந்த நேரத்தில் பதிவேடு எழுதப் போய்விடுவார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கருவிகள் வாங்கித் தருவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்த கருவி பூட்டிய அலமாரிக்குள் போகும். அதற்குப் பதில் உங்கள் ஆய்வக உதவியாளர் கருவிகளைக் கொண்டுபோய், சோதனையை ஆசிரியரோடு ஒருமுறை செய்து பார்த்து, பழுதானதைத் திருப்பி எடுத்து வருகிற மாதிரி ஒரு இரவல் ஏற்பாடு செய்யுங்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று நுழைவுத் தேர்வு. உங்கள் பல்கலைக்கழகம் தானே சேர்க்கைத் தேர்வு நடத்தினால், அந்தக் கேள்வித்தாள்தான் பள்ளிகளுக்கு நீங்கள் அனுப்புகிற சுற்றறிக்கை. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கிற கேள்விகளாக இருந்தால், பள்ளியும் அதைத்தான் நடத்தும். நீங்கள் நடத்துகிற எந்தக் கூட்டமும் அதற்கு முன்னால் நிற்காது. ஒரு வரைபடத்தைக் கொடுத்து அது சொல்லும் கதையை எழுதச் சொல்லுங்கள். தவறான நிறுவல் ஒன்றைக் கொடுத்து எந்த வரியில் பிசகியது என்று கேளுங்கள். மாதிரிக் கேள்விகளை ஓராண்டு முன்பே வெளியிடுங்கள். தேர்வு உங்கள் கையில் இல்லையென்றால் முதல் பருவத் தேர்விலாவது இதைச் செய்யலாம், செய்தி பள்ளிகளுக்குத் தானாகப் போய்ச் சேரும்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, வந்தவர்களின் எண்ணிக்கையையும் கருத்துப் படிவத்தையும் நம்பாதீர்கள். எல்லோரும் 'மிக நன்று' என்றுதான் எழுதுவார்கள். ஆசிரியர்களோடு சேர்ந்து, பாடம் புரிந்திருக்கிறதா என்று சோதிக்கும் பத்துக் கேள்விகள் தயாரித்து, ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளைகளிடம் கொடுங்கள். முதல் ஆண்டில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். மூன்று ஆண்டு இருப்போம் என்று பள்ளிகளிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், அதற்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைசியாகப் பதவி உயர்வு. இளம் பேராசிரியர்களைத் தயவுசெய்து முதலில் இறக்காதீர்கள். அவர்களுக்குக் கட்டுரை எழுத வேண்டிய நெருக்கடி. பதவி உயர்வெல்லாம் முடிந்த மூத்தவர்கள் இரண்டு பேர் முதலில் இறங்கட்டும். மாதக் கூட்டமும் அதற்கான தயாரிப்பும் ஒரு தாள் நடத்துவதற்குச் சமமான பணிச்சுமை என்று துறையின் பணிப்பங்கீட்டிலேயே ஏற வேண்டும். பிள்ளைகளின் தவறுகளைப் பற்றி முறையாக எழுதினால் அது ஆராய்ச்சிக் கட்டுரைதான். கணிதக் கல்விக்கும் இயற்பியல் கல்விக்கும் நல்ல ஆய்விதழ்கள் இருக்கின்றன, அவற்றில் வருவதை வேறு எந்த வெளியீட்டையும் போலக் கணக்கிட வேண்டும். "இதெல்லாம் ஆராய்ச்சியா?" என்று குழுவில் யாராவது முணுமுணுத்தால் கார்ல் வைமனைச் சொல்லுங்கள். 2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர், அதன் பிறகு தன் உழைப்பின் பெரும்பகுதியை அறிவியல் கற்பித்தல் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் ஃபெட் என்ற, கணினித் திரையில் செய்துபார்க்கும் அறிவியல் சோதனைகளைக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியவரும் அவரே.

இந்தப் பணிச்சுமை விதியைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். நிர்வாகம் அதில் கையெழுத்துப் போட்ட பிறகு அந்தத் தலைமையாசிரியருக்குத் தொலைபேசியில் பேசுங்கள், அதற்கு முன் வேண்டாம்.